சாரி எனும் சர்வரோக நிவாரணி

உலக நாகரிகத்துக்கு இங்கிலாந்து வழங்கிய கொடைகளுள் நீராவி எஞ்சினுக்கு இரண்டாம் இடம்தான். முதலிடம் ‘சாரி’க்கு. எங்கள் ஊரில் வழி கேட்டாலும் சாரி, வழி விடச் சொன்னாலும் சாரி. ‘இது என் நாற்காலி, எழுந்திரும்’ என்பதற்கும் அதே சொல். பல்லைப் பிடுங்கிய வைத்தியர் சாரி சொல்வார். பல்லைப் பறிகொடுத்தவரும் சொல்வார்.

அவ்வூர் நகரசபையில் கூட்டக் குறிப்பு எழுதும் பாக்கியம் பெற்றவன் நான். இச்சொல்லின் முழு மகிமையை நான் உணர்ந்தது ஐவி தோர்ன்டைக் அம்மையார் வந்த அன்றுதான்.

நகரசபை இடுகாட்டில் ஆடிக்கொண்டிருந்த கல்லறைக் கல் ஒன்றை ‘பொதுமக்கள் பாதுகாப்பு’ கருதி அகற்றப் போனோம். அதை விட்டுவிட்டு, பக்கத்தில் சிவனே என்று நின்ற கல்லை அகற்றிவிட்டோம். அது ஐவியின் கணவர் செட்ரிக்கின் கல். சிக்கனம் கருதி அதை உடைத்து, நகரசபைக் கார் நிறுத்துமிடத்தில் சல்லியாகவும் பரப்பிவிட்டோம்.

கூட்டத்தின் நடுவே, தலைவர் பிக்ஸ்பியின் எதிரே வந்து நின்றார் ஐவி.

“புதுக் கல்லு நானே வெச்சுக்கறேன். நஷ்ட ஈடும் வேண்டாம். சாரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

பிக்ஸ்பி, சட்ட அலுவலர் ஹெஸ்டரைப் பார்த்தார்.

“சொன்னா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்,” என்றார் ஹெஸ்டர். “வேணும்னா, ‘கல் இல்லாத நிலைமையை நகரசபை கவனத்தில் கொள்கிறது’ன்னு சொல்லலாம்.”

“என் புருஷன் பேரு மேல உங்க காரு நிக்குது, மிஸ்டர் பிக்ஸ்பி,” என்றார் ஐவி. குரல் கம்மிவிட்டது.

“சாரி?” என்று காதைத் தீட்டினார் பிக்ஸ்பி.

ஐவியின் முகம் மலர்ந்தது. ஹெஸ்டர் துள்ளி எழுந்தார். “அது ‘காது கேக்கல’ சாரி! செல்லாது!”

ஐவி யோசித்தார். இரண்டடி முன்னே வந்து, பிக்ஸ்பியின் பாதத்தைக் குதிகாலால் நன்றாக மிதித்தார்.

“ஐயோ, சாரி!” என்றார் மிதிபட்டவர்.

“இது?”

“பழக்கதோஷம்,” என்றார் ஹெஸ்டர். “இதுவும் செல்லாது.”

“இத்தனை வெச்சிருக்கீங்க. எனக்குன்னு ஒண்ணு குடுக்க மனசு வரல, இல்ல?”

ஐவி வெளியேறினார். சன்னல் வழியே பார்த்தோம். அந்த அம்மாள் கார்களுக்கிடையே குனிந்து குனிந்து, சல்லியைப் பொறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். ஹெஸ்டர் மட்டும் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

மறுவாரம் நகரசபை ஐவிக்குக் கடிதம் அனுப்பியது. தட்டச்சு செய்தவன் நான்தான். சட்டப் பிரிவின் முழு ஒப்புதலோடு அது இப்படித் தொடங்கியது:

“சாரி, தாங்கள் எடுத்துச் சென்ற சல்லி நகரசபையின் சொத்து.”