மச்சானும் எண்பது மூட்டை சிமெண்டும்

இந்தத் தடவை மச்சானை வீட்டில் தங்க விடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

மச்சான் என்றால் என் மனைவி பிரகதீஸ்வரியின் அண்ணன் இளையபெருமாள். குவைத்தில் கட்டடக் கம்பெனி ஸ்டோர்கீப்பர். வந்தால் என் பனியனைக்கூட எண்ணி அடுக்குவார். திருக்கடையூரில் ஓர் அறுபதாம் கல்யாணமாம், எங்கள் வீட்டில் மூன்று நாள் தங்குவாராம்.

நல்லவேளையாக, மாடி கட்ட எண்பது மூட்டை சிமெண்ட் வரவிருந்தது. காலி அறையை அதைக் கொண்டு நிரப்பிவிட்டால் மச்சானுக்கு இடம் ஏது? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

“சிமெண்டை அந்த ரூம்லயா வைக்கப் போறீங்க?”

“பின்ன? ஐப்பசி மழையில நனைய விடச் சொல்றியா?”

“அண்ணன் எங்க படுப்பாங்க?”

“மாயவரத்துல லாட்ஜா இல்ல?”

“சரிங்க.”

சண்டை போடாமல் சரி என்றாளே, அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் அண்ணாதுரையையும் நாலு பேரையும் கூட்டி வந்தேன். பழக்கதோஷம், நெல் மூட்டை மாதிரியே கொக்கி போட்டு இழுத்தார்கள். வெறும் தரையில், சுவரை ஒட்டி, கூரை இடிக்க அடுக்கினார்கள். சாக்கில் கொக்கி போட்டால் நாலு நெல் சிந்தும். சிமெண்ட் பையில் போட்டால்? ஐந்து பேரும் விபூதியில் குளித்தவர்கள் போல வெளியே வந்தார்கள்.

பிரகதீஸ்வரி செல்போனில் படம் எடுத்தாள்.

“எதுக்குடி போட்டோ?”

“சும்மாங்க. அழகா அடுக்கியிருக்கீங்க.”

நம்பினேன்.

மறுநாள் காலை மச்சான் வந்து இறங்கினார். மூன்று நாளுக்கு ஆறு பெட்டி. கையில் செல்போன், அதில் அதே படம்.

“என்ன மாப்ள, கொக்கியா போட்டீங்க? கீழ பலகை எங்க? சுவத்த விட்டு ஓரடி தள்ள வேணாமா? பத்து மூட்டைக்கு மேல அடுக்குனா அடிமூட்டை கல்லாயிடும். சரிஞ்சா ஆளே காலி!”

“இப்ப என்ன மச்சான் பண்றது?”

“எல்லாத்தையும் இறக்கி அடுக்கணும். தினம் பார்த்துக்க விவரம் தெரிஞ்ச ஆள் வேணும்.”

“நீங்களே இருந்து பாருங்கண்ணே, மாடி முடியற வரைக்கும்” என்றாள் அவள்.

“அதுக்கு எட்டு மாசம் ஆகுமே!” என்று அலறினேன்.

“ஆகட்டும் மாப்ள. ஸ்டோர் கதவைப் பார்த்தாப்ல படுக்கணும். ஹால்ல அந்தக் கட்டில் யாரோடது?”

என்னுடையதுதான்.

சமையலறையில் அவளை மடக்கினேன். “உங்கண்ணன் குவைத் வேலை என்னாவது?”

“அதை விட்டுட்டு ஒரேயடியா வந்துட்டாங்க. இங்க தங்கட்டும்னு சொன்னா நீங்க குதிப்பீங்களேன்னு பயந்துகிட்டே இருந்தேன். கடைசியில நீங்களே ஒரு வேலை போட்டுக் குடுத்துட்டீங்க” என்று சொல்லிவிட்டு, என் கையில் ஒரு பாயைத் திணித்தாள்.