சென்சஸ் அண்ணாவின் மொட்டை

அறிவியலுக்காக மொட்டை போட்டுக்கொண்டவர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்திலேயே எங்கள் லேப் சென்சஸ் அண்ணா ஒருவர்தான். யோசனை உதித்த இடம், பம்மல் ஷேர் ஆட்டோ. முன்சீட்டுக்காரரின் முடி ஒன்று பறந்து வந்து தன் வாய்க்குள் போனதும், "மச்சான், வில்லன் முடிதாண்டா!" என்று என் தொடையில் ஓங்கி அடித்தார். ஆட்டோவே திரும்பிப் பார்த்தது.

தாம்பரத்தில் நாங்கள் இருவரும் பிஎச்.டி. மாணவர்கள். செல்லின் கருவுக்குள் நியூக்ளியோலஸ் என்று ஒரு குட்டி அறை உண்டு. அதில் எந்தெந்தப் புரதங்கள் இருக்கின்றன, என்ன வேலை செய்கின்றன என்று கணக்கெடுப்பது அண்ணாவின் ஆராய்ச்சி. பெயர்க்காரணம் அதுதான்.

"தாம்பரம் ஸ்டேஷன்தான் கருன்னு வெச்சுக்கோ. நியூக்ளியோலஸ் அதுல இருக்கிற கேன்டீன். உள்ள நிக்கறவன்ல வடை சுடறவன் யாரு, சும்மா ஃபேன் காத்துக்கு ஒதுங்கினவன் யாரு? அவ்ளோதான்டா என் தீசிஸ்!"

ஆனால் முதல் சாம்பிளை, புரதங்களைப் பட்டியல் போடும் மெஷினில் கொடுத்தபோது, எல்லாவற்றுக்கும் மேலே வந்து நின்றது கெரட்டின். நம் முடியிலும் தோலிலும் இருக்கும் புரதம். அண்ணா தன்னையே கணக்கெடுத்திருந்தார்!

"இன்னொரு தடவை முடி வந்துது, டாபிக்கையே மாத்திடுவேன்" என்றார் கைடு மேடம். அண்ணாவின் முகம் செத்துவிட்டது. அந்தக் குட்டி அறைதான் அவருக்கு எல்லாமே.

ஆகவே, பெருங்களத்தூர் சலூன்.

"இன்னா சார், வேண்டுதலா?"

"இல்லண்ணா, புரோட்டீன்."

"அதுக்கு முட்டை துன்னா போதாதா?"

"புருவத்தையும் எடுத்துடுங்கண்ணா."

"வேணாம் சார். வூட்ல பார்த்தா பேஜாராயிடும்."

புருவம் பிழைத்தது. மறுநாள் புது சாம்பிள். புரதம் கெடாமலிருக்க லேபில் ஏசி உச்சத்தில். புது மொட்டைக்கு அந்தக் குளிர் தாங்குமா? அம்மா மணாலி டூரில் வாங்கி வந்த கம்பளி மங்கி கேப்பை மாட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய வேலையை முடித்தார்.

ரிசல்ட் வந்தது. மனித முடி மருந்துக்கும் இல்லை. அண்ணா எழுந்து ஆடவே ஆரம்பித்தார். மேடம் மட்டும் ஒரு வரியில் நின்றுவிட்டார்.

"ஏம்ப்பா, மனுஷ செல்லுக்குள்ள செம்மறியாடு எப்படி வந்துது?"

எல்லோரும் அண்ணாவின் தலையைப் பார்த்தோம். மங்கி கேப் அங்கேயேதான் இருந்தது.

சிரித்து ஓய்ந்த மேடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டியலில் இன்னும் கீழே பார்த்தார். நியூக்ளியோலஸ் என்ற அந்தக் குட்டி அறையில் இருப்பதாக இதுவரை யாரும் சொல்லாத ஒரு புரதம். மனிதனுடையதுதான். "இது மறுபடியும் வந்தா டாபிக் உனக்கே. கடைசி சான்ஸ்."

திங்கட்கிழமை அந்தக் கடைசி சான்ஸ் சாம்பிள். முந்தின நாள் சலூனில், அண்ணாவுக்குப் பக்கத்து நாற்காலியில் நான்.

"இவருக்கும் புரோட்டீனா?"

"ஆமாண்ணா" என்றேன். இந்த முறை கேப் கிடையாது, ஆளுக்கொரு காட்டன் துண்டுதான். குளிரத்தான் செய்யும். அவர் தனியாக நடுங்க வேண்டாமே.