உட்காராத கம்பவுண்டர்

இனிமேல் உட்காருவதில்லை என்று கம்பவுண்டர் நசருல்லா முடிவு செய்தார். காரணம் பெரிதுதான், எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். உட்காரும் இடத்திலேயே, இடது பக்கம், கட்டி புறப்பட்டிருந்தது.

புதூர்நாட்டு மருந்தகத்தில் மலை ஜனங்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி ஊசி போட்டவர் அவர். "எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று சொல்லிக்கொண்டே குத்துவார். அந்த எறும்பு தன்னைக் கடிக்கும் என்று நினைத்தாலோ, ஒரே பயம். அதனால் மருந்தகத்துக் கறுப்புக் களிம்பை யாருக்கும் தெரியாமல் எடுத்துவந்து தடவிக்கொண்டார். கட்டி அமுங்கவில்லை. காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. அடுத்த வாரம் வேலூரில் பெரிய கம்பவுண்டர் ஆவதற்கான பரீட்சை. ஜீப்பில் மலை இறங்க வேண்டும், பெஞ்சில் உட்கார்ந்து எழுத வேண்டும்.

மனைவி ஜெய்புன்னிசாவுக்குத் தெரிந்தால் தொலைந்தது. பக்கத்து வீட்டு நர்ஸ் வடிவைக் கத்தியோடு கூட்டி வந்துவிடுவாள். ஆகவே சாமைச் சோற்றை நின்றுகொண்டே சாப்பிட்டார்.

"இன்னாங்க, குந்தவே மாட்டேங்கிறீங்க?"

"பாடம் ஜெய்பு. உடம்பு சாஸ்திரத்துல எல்லாமே நின்னாதான் கணக்கு. ஆளு நேரா நிக்கணும், உள்ளங்கை முன்னால பாக்கணும். அப்பதான் முன்பக்கம் ஆன்டீரியர், பின்பக்கம் போஸ்டீரியர்."

"சாப்டறப்போ கூடவா?"

"பரீட்சை முடியற வரைக்கும்."

ஜெய்புன்னிசா தலையாட்டினாள். இவ்வளவு சுலபமாக நம்பிவிட்டாளே என்று அவருக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

மறுநாள் அவளே மாணவியானாள்.

"இடது, வலதுன்னா யாரோடதுங்க? பாக்கறவங்களோடதா?"

"இல்ல. அந்த உடம்போடது."

"நல்ல வேள, கேட்டுக்கிட்டேன். மல்லாக்கப் படுத்தா?"

"சுபைன்."

"செஞ்சி காட்டுங்க."

"வேணாம், வேணாம். அது வாயால சொன்னாலே புரியும்."

"குப்புறப் படுத்தா?"

"ப்ரோன்."

"இது மட்டும் மனசுல நிக்கல. ஒருவாட்டி காட்டுங்களேன்."

நின்று நின்று கால் கடுத்துப் போனவருக்கு அது கேட்காமல் கிடைத்த வரம். பாயில் குப்புற விழுந்தார். எத்தனை சுகம்! கண்கூடச் சொக்கியது.

கெண்டைக்காலில் ஏதோ கனத்தது. திரும்பிப் பார்த்தால், ஜெய்புன்னிசா ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"வடிவு, வா. ப்ரோன்ல இருக்காரு."

அடுப்படியிலிருந்து வடிவு வந்தாள். ஒரு கையில் வெந்நீர், மறு கையில் பளபளவென்று கத்தி.

"எந்தப் பக்கம்க்கா?"

"போஸ்டீரியர். அவரோட இடது."

"ஜெய்பு, வேணாம். நான் சொல்றதக் கேளு..."

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்ங்கையா" என்றாள் வடிவு.

நசருல்லா போட்ட சத்தத்தில் எதிர்மேட்டுப் பலாமரத்துக் குரங்கெல்லாம் இறங்கி ஓடின.

சீழ் வெளியேறியது. காய்ச்சல் விட்டது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கும் என்று வடிவு சொன்னபோதுதான் அவருக்கு உடம்பு சில்லிட்டது. பரீட்சைக்கு ஜீப்பில் போனார். ஒரு பக்கமாகச் சாய்ந்துதான், ஆனாலும் உட்கார்ந்து போனார். கேள்வித்தாளில் அதே பாடம் வந்திருந்தது. ப்ரோன் என்று எழுதும்போது கண் கலங்கிவிட்டது. ஜெய்பு இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று அங்கேயே அல்லாவுக்கு நன்றி சொன்னார்.

திரும்பும்போது மக்கன்பேடா வாங்கி வந்து நீட்டினார்.

"எனக்கு உசுரு குடுத்தவ நீ. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"போதும், வுடுங்க" என்றாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லு ஜெய்பு. அவ்ளோ பெரிய சாஸ்திரம் சொல்லி மறைச்சேனே, உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் பேடாவை வாயில் போட்டுக்கொண்டாள்.

"உங்க கைலிய யாருங்க தொவைக்கிறா?"