பின்சக்கரத்தில் ஒரு முனகல்

"உங்க கார்ல பின்னாடி ஏதோ முனகுதே, கேக்கலையா?" என்று மனைவி கேட்டபோது, திருத்தம் ஐயாவுக்கு எதுவும் கேட்கவில்லை.

ஆனால் அதை எப்படி ஒப்புக்கொள்வது? வாழ்நாளெல்லாம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். அடுத்தவர் கண்ணுக்குத் தப்பிய ஒற்றுப்பிழை அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. அந்தப் பெயரே அப்படி வந்ததுதான்.

"கேக்குது, கேக்குது. நேத்தே கவனிச்சேன்" என்றார்.

ஓய்வு பெற்ற பிறகு திருத்த அவருக்கு வீடுதான் மிச்சம். சமையலறை டப்பாக்களை அகரவரிசையில் அடுக்கினார். மனைவி காய் நறுக்கினால் துண்டுகள் சீராக இல்லை என்பார். பால் பொங்குவதற்கு ஒரு நொடி முன்னால் "பொங்கப் போகுது" என்று அறிவிப்பார். மனைவி பொறுமைசாலி. பாலையும் பார்ப்பாள், அவரையும் பார்ப்பாள், அடுப்பை அணைப்பாள்.

கார் அவருடைய செல்லம். கறுப்பு நிறம், உருண்டை விளக்குகள், அவரைவிட இரண்டொரு வயதுதான் இளையது. அதை எடுத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே காதை நீட்டியபடி தெருவைச் சுற்றினார். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. மூன்றாவது சுற்றில் ஏதோ கேட்ட மாதிரி இருந்தது. தேடினால் பிழை கிடைக்காமலா போகும்? எதிர்க்கடைத் தையல்காரரையும் ஏற்றிக்கொண்டு போய்க் கேட்டார். யாரையும் மறுத்துப் பேசிப் பழக்கமில்லாத அந்த மனுஷரும் கேட்கிறது என்றே சொன்னார். பின்சக்கர பேரிங் போய்விட்டது, கூடவே அதை ஒட்டி எண்ணெய் கசியாமல் அடைக்கும் சீலையும் மாற்றிவிட வேண்டியதுதான் என்று ஐயா முடிவு கட்டினார்.

மெக்கானிக்கிடம் விடலாமே என்றார் தையல்காரர். மனைவிதான் அதை ஏற்கவில்லை. இவரைவிட யார் கவனமாகச் செய்துவிடப் போகிறார்கள் என்றாள். திருத்தம் ஐயாவுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது.

மகள் கைக்குழந்தையோடு வருவதற்கு இன்னும் நாள் இருந்தது. பேத்தியை அவர் இன்னும் பார்த்ததே இல்லை. ரயில் நிலையத்திலிருந்து அவளைத் தன் காரில், தூக்கம் கலையாமல், சத்தமே இல்லாமல் கூட்டிவர வேண்டும் என்று தீர்மானித்தார். காரின் கையேட்டை வரி விடாமல் படித்தார். அதிலிருந்த அச்சுப்பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி முடித்த பிறகே ஜாக்கியைக் கையில் எடுத்தார்.

சக்கரம் சுலபமாக வந்தது. அதன் பின்னால் இருந்த பிரேக் டிரம்தான் அசைய மறுத்தது. எண்ணெய் விட்டார், தட்டினார், கெஞ்சினார். கடைசியில் காலை உதைத்துக்கொண்டு இழுத்ததில் அது திடீரென்று கழன்று, அவரை மல்லாக்கப் போட்டுவிட்டு, ஷெட்டை விட்டு உருண்டு, சரிவான தெருவைக் கடந்து, தையல் கடைக்குள் நுழைந்து, அளவு கொடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளின் காலடியில் சுற்றிப் படுத்தது. தையல்காரர் அதைத் துடைத்து, திருப்பிக் கொண்டுவந்து தந்தார்.

பழைய பேரிங்கைக் கழற்றவே ஒரு பாடு பட வேண்டியிருந்தது. அதையும் சீலையும் காகிதத்தில் பொதிந்து, பஸ் ஏறி உதிரிபாகக் கடைக்குப் போனார். கடைக்காரர் உள்ளே போய் நெடுநேரம் தேடி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, அச்சு அசலாக இதேதான் என்றார்.

அது உள்ளே போகவில்லை. இரும்பு குளிர்ந்தால் சுருங்கும், சூடானால் விரியும் என்று கையேடு சொன்னது. ஆகவே புது பேரிங் ஐஸ் பெட்டிக்குள் போனது. அது உட்கார வேண்டிய இரும்புக்கூடு, மனைவி கேக் செய்யும் அடுப்புக்குள் போனது. மறுநாள் ஐஸ் போட்டுக் குடித்த பழச்சாற்றில் கிரீஸ் வாடை. அடுப்பில் வைத்த கேக்கில் கராஜ் வாடை. பேரிங் மட்டும் போன இடத்திலிருந்து போனபடியே திரும்பியது. ஒரு சைஸ் பெரிது.

கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வேறொன்று தந்தார். பேரிங் இந்தத் தடவை பொருந்தியது. சீலும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. "பாத்தியா, வெண்ணெய் மாதிரி போகுது" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். பின்பக்கத்தைத் தாங்கிகளில் உயர்த்தி வைத்து, எஞ்சினைக் கிளப்பி, கியரைப் போட்டார். சக்கரம் அந்தரத்தில் சுழன்றது. சீலின் ஓரம் வழியே வந்த எண்ணெய் அதோடு சேர்ந்து சுழன்று, சுவரில் ஒரு கோடு, கூரையில் ஒரு கோடு, கொடியில் காய்ந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளில் பல கோடுகள் என்று இழுத்துவிட்டுப் போனது.

மனைவி கத்தவில்லை. விரிப்புகளை ஒருமுறை பார்த்தாள். போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். யாரிடமோ கறாராகப் பேசுவது கேட்டது. பாவம், கோபத்தை என்மேல் காட்டாமல் யாரிடமோ காட்டுகிறாளே என்று ஐயா உருகினார்.

அடுத்து வந்த சீல் இறுக்கம். தட்டித் தட்டி இறக்கியதில் கிழிந்தே போனது. அதற்கடுத்தது வேறு ஏதோ வண்டியுடையது. மகள் வரும் நாளும் நெருங்கிவிட்டது. ஐயா ஷெட்டில் ஒரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். வாழ்நாளெல்லாம் ஊரார் வேலையில் குற்றம் கண்டாயிற்று. தானாக ஒன்றைச் செய்ய முனைந்தால் இப்படி இழுக்கிறதே என்று தோன்றியது. முதல் முறையாக, அச்சகத்தில் தான் திட்டித் தீர்த்த அச்சுக் கோப்பவர்களை நினைத்துப் பரிதாபப்பட்டார்.

மனைவி டீயோடு வந்தாள். டாக்ஸிக்குச் சொல்லியாகிவிட்டது, மனசைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம் என்றாள். "அவசரமே இல்ல. பொறுமையா செய்யுங்க. எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும்."

இப்படி ஒருத்தி எந்த ஜென்மத்துப் புண்ணியம் என்று நினைத்தார் ஐயா. அந்த நினைப்பே தெம்பு தர, மறுபடி பஸ் ஏறினார்.

கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். மேஜையில் அவருடைய தம்பி. பழைய சீலைத் திருப்பிப் பார்த்தார், கைக்கெட்டிய தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து வைத்து அழுத்தினால், 'டப்'பென்று ஒரே சத்தம். உட்கார்ந்துவிட்டது. சக்கரத்தைச் சுழற்றினார். ஒரு சொட்டு இல்லை. மறுபக்கத்துக்கும் ஒன்று வாங்கி வந்திருந்ததால் அதையும் மாற்றி முடித்தார்.

தையல்காரரைப் பின்னால் ஏற்றி, மனைவியை முன்னால் உட்கார வைத்து, தெருவைச் சுற்றி வந்தார். கார் பூனை நடப்பதுபோல் போனது.

"சத்தம் கேக்குதா?"

"சுத்தமா இல்லீங்க" என்றார் தையல்காரர்.

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். "முடிஞ்சிடுச்சா? நிஜமாவே முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. ஐயாவுக்கும் கலங்கின.

மறுநாள் காலை, பேத்தி ரயில் நிலையத்திலிருந்து வீடு வரை தாயின் மடியில் அசையாமல் தூங்கினாள். வாசலில் கார் நின்ற பிறகும் தூங்கினாள். மகள் அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். "நீங்களேவா செஞ்சீங்கப்பா?" என்றாள். இத்தனை ஆண்டுகளில் அவர் கையில் சிவப்பு மையைத் தவிர வேறு கறையை அவள் கண்டதில்லை. ஐயாவுக்குப் பேச்சு வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

பேச்சு மத்தியானத்துக்குள் திரும்பிவிட்டது. குழந்தையைத் தூக்கும் கோணம் சரியில்லை என்றார். தொட்டில் முடிச்சை அவிழ்த்து வேறு மாதிரி போட்டார். மருந்து பாட்டிலின் ஒட்டுத்தாளில் இரண்டு பிழை கண்டுபிடித்தார். பிறகு சமையலறைக்குள் போய், அடுப்பில் இருந்த பாலைப் பார்த்து, "பொங்கப் போகுது" என்றார்.

மனைவி பின்கட்டில் பேத்தியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் சோப்பு நுரை. அவளுடைய போன் மேஜைமேல் அலறியது. அது அடிக்கட்டும், அப்புறம் பேசிக்கொள்கிறேன் என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். ஒரு காரியம் அரைகுறையாக நிற்பதைத் திருத்தம் ஐயா எப்போது பொறுத்திருக்கிறார்? எடுத்துக் காதில் வைத்தார். அவர் வாய் திறப்பதற்குள் உதிரிபாகக் கடைக்காரரின் குரல் படபடத்தது.

"அம்மா, நான் சாப்பிடப் போன நேரத்துல தம்பி விவரம் தெரியாம ஐயாவுக்குச் சரியான சைஸையே குடுத்து அனுப்பிட்டானாம், மன்னிச்சுக்குங்க, முன்சக்கரத்துல சத்தம் வருதுன்னு என்னைக்குச் சொல்லப் போறீங்கன்னு மட்டும் சொல்லுங்க, பொருந்தாததா பாத்து இப்பவே எடுத்து வச்சுடுறேன்."