தொடைக்கு ஒரு பரீட்சை

"எழுபத்தி மூணு... எழுபத்தி நாலு..."

"ஏங்க, பாத்ரூமுக்குள்ள என்ன கணக்குப் பாடம்? பொண்ணு ஸ்கூலுக்குக் கிளம்பணும்!" மனைவி கதவைத் தட்டினாள்.

கணக்கு வாத்தியார் எண்ணுவதை நிறுத்தவில்லை. உட்கார்ந்து எழுந்து பஸ்கி எடுக்கும்போது பேசினால் எண்ணிக்கை தவறிவிடும். வெள்ளிக்கிழமை அவர் தொடைக்கு ஸ்கேன். இன்னும் மூன்றே நாள்.

அண்ணனுக்கு நாற்பது வயதில் ஆரம்பித்தது. முதலில் எழுந்து நிற்கச் சுவரைப் பிடித்தார். இப்போது சக்கர நாற்காலி. தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கொழுப்பாகிற வியாதியாம், பரம்பரையாக வருமாம். அண்ணனின் ஸ்கேன் படத்தை வாத்தியாரும் பார்த்தார். கறுப்பாக இருக்க வேண்டிய தொடை வெள்ளை வெளேரென்று இருந்தது.

வாத்தியாருக்கு இப்போது முப்பத்தொன்பது. குடும்பமே அந்த வியாதிக்கான சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தது. ஒரு மாதம் கழித்து மருத்துவமனையிலிருந்து போன். "உங்க தொடையையும் ஸ்கேன் எடுக்கணும் சார்." நாளைக் குறித்துக்கொண்டு சட்டென்று வைத்துவிட்டார். மேற்கொண்டு கேட்கத் தைரியம் இல்லை.

ஆனால் பரீட்சை என்று வந்துவிட்டால் தயாராகாமல் போகிற வழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது. அன்று நூறு பஸ்கி.

மறுநாள் காலை கட்டிலிலிருந்து எழப் பார்த்தார். தொடை மறுத்தது. கை தானாகச் சுவரைத் தேடிப் பிடித்தது.

அண்ணனும் இப்படித்தானே பிடித்தார்! வாத்தியாருக்குக் குப்பென்று வியர்த்தது. விட்டேனா பார் என்று அன்று இருநூறு எடுத்தார். அதற்கடுத்த நாள் மாடிப்படியில் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாக இறங்கினார்.

"அப்பா, ஏம்ப்பா பெரியப்பா மாதிரி நடக்கறீங்க?" என்றாள் மகள்.

மனைவி கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே கீழே வைத்தாள். வாத்தியார் மகளின் குச்சிக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். தனக்கு இருந்தால் இவளுக்கும் வரலாம். அன்று முந்நூறு.

வெள்ளிக்கிழமை அவரை ஸ்கேன் மேசையில் ஏற்ற இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அரை மணி நேரம் இயந்திரம் காதருகே தகரம் தட்டியது. வெளியே வந்தபோது ஸ்கேன் எடுக்கும் பெண் திரையை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"தொடை பூரா பளிச்சுனு வெள்ளையா இருக்கே... சார், கால்ல அடி கிடி பட்டுச்சா?"

"இல்லம்மா."

"ஓடினீங்களா? பாரம் தூக்கினீங்களா?"

"சும்மாதாம்மா இருந்தேன்." பஸ்கி விஷயத்தைச் சொன்னால் மதிப்பெண் குறைத்துவிடுவாளோ என்று பயம்.

அவள் இன்னொருவரைக் கூப்பிட்டாள். இருவரும் திரையைப் பார்த்துக் கிசுகிசுத்தார்கள்.

"மறைக்காதீங்கம்மா. எனக்கும் வந்துருச்சா? எனக்கு வந்தாப் பரவாயில்ல, சின்னப் பொண்ணு இருக்கா..."

கூட வந்திருந்த மனைவியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "இவரு சொல்றத நம்பாதீங்கம்மா! மூணு நாளா பாத்ரூம்ல பூட்டிக்கிட்டு அறுநூறு பஸ்கி எடுத்துருக்காரு!"

ஸ்கேன் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அட கடவுளே! இந்த வெள்ளை பஸ்கி எடுத்து வந்த வீக்கம்! உங்களுக்கு அந்த வியாதி இல்லேன்னு ரத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு சார், உங்க அண்ணன் தொடையோட ஒப்பிட்டுப் பார்க்க நல்ல தொடை ஒண்ணு வேணும்னுதான் உங்களக் கூப்பிட்டோம்!"