மேஜர் குரைக்கவில்லை

யானை பிளிறியது. மேஜர் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து, சூசையப்பனின் காலடியில் உட்கார்ந்து, பிஸ்கட் டப்பாவைப் பார்த்தது.

"குரைடா" என்றார் சூசையப்பன்.

மேஜர் டப்பாவையே பார்த்தது.

பிளிறியது செல்போனுக்குள் இருந்த யானைதான். பல நாட்களாகச் சாயங்காலம் தவறாமல் அது பிளிறுகிறது, நாயும் தவறாமல் பிஸ்கட் தின்கிறது. குரைப்பு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

சூசையப்பன் சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் பேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மனைவி இன்பமேரி அதே எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவள். வேலை முடிந்ததும் எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டு, மலைச்சரிவில் சொந்தமாகச் சின்ன வீடு ஒன்று கட்டிக்கொண்டார்கள். சூசையப்பன் பிறந்தது லயத்தில், வளர்ந்தது லயத்தில், பிள்ளை பெற்றதும் லயத்தில். யாரிடமும் கேட்காமல் அவர் ஆணி அடித்த முதல் சுவர் இந்த வீட்டுச் சுவர்தான். அந்தச் சந்தோஷத்தில் தேவைக்கு மேலேயே ஆணி அடித்து வைத்திருந்தார்.

இன்பமேரிக்கு அந்தச் சந்தோஷம் ஒட்டவில்லை. லயத்தில் பக்கத்து வீட்டில் தும்மினால் நம் வீட்டில் கேட்கும். இங்கே கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு வீடு கிடையாது. போதாததற்கு, யானை நடமாட்டத்தைச் சொல்வதற்கென்றே ஊரில் ஒரு வாட்ஸ்அப் குரூப். கொம்பன் ஒருவன் எதிர்ச்சரிவின் ஏலக்காட்டில் நிற்கிறான், ஷெட்டைத் தள்ளிவிட்டான், அரிசியைத் தின்றுவிட்டான் என்று நாளுக்கொரு செய்தி வரும். எல்லாம் பள்ளத்துக்கு அந்தப் பக்கத்துச் சங்கதி. இந்தச் சரிவுக்கு யானை வந்ததே இல்லை என்று சூசையப்பன் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிப் பார்த்தார். அவள் உறங்கவில்லை.

"இந்தா பாருங்க, மாதா கோயில் திருவிழா முடியுற வரைக்கும்தான். அதுக்குள்ள எனக்கு இங்க பயமில்லாம உறக்கம் வரணும். வரலன்னா நான் போடிக்கு நம்ம மக ஜோமோள் வீட்டுக்குப் போயிருவேன். நீங்க ஒங்க ஆணியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கெடங்க."

அவள் சொன்னால் செய்கிற ரகம். அவள் இல்லாத வீட்டில் தான் மட்டும் என்ன செய்வது என்று யோசித்ததில் சூசையப்பனுக்கு அன்று கஞ்சி இறங்கவில்லை.

அதனால்தான் நாய். யானை வந்தால் குரைக்கும், குரைத்தால் முன்கூட்டியே தெரியும், தெரிந்தால் பயமில்லை, பயமில்லை என்றால் போடி இல்லை. கணக்கு அவருக்குச் சரியாகத்தான் வந்தது. சின்னக்கானலில் மூடிக் கிடந்த ஒரு ரிசார்ட்டின் மேனேஜர் ஷிஜு, அங்கே இருந்த லாப்ரடாரை எடுத்துக்கொள்ளச் சொன்னான். காரில் வந்து இறங்குகிற விருந்தாளிகளை எல்லாம் வாலாட்டி வரவேற்றே வளர்ந்த நாய் அது. அதைக் காவலுக்கு எடுத்தது முதல் தப்பு. அதைத் தப்பு என்று சொல்ல அப்போது யாரும் பக்கத்தில் இல்லை.

இரண்டாவது தப்பு பிஸ்கட். சத்தத்தைப் போட்டவுடன் பிஸ்கட்டை நீட்டினால் யானை என்றாலே பிஸ்கட் என்றுதானே நாய் நினைக்கும்? நாய்ப் பழக்கத்தைப் பற்றி மலையாளத்தில் ஒருவர் யூடியூபில் பேசியதைக் கேட்ட பிறகுதான் அது அவருக்கு உறைத்தது. முதலில் குரைக்க வேண்டும், பிறகுதான் பிஸ்கட். சரி, குரைக்காத நாயை எப்படிக் குரைக்க வைப்பது? செய்து காட்டினால் செய்யும் என்று சூசையப்பன் முடிவு செய்தார்.

முற்றத்தில் முட்டி போட்டுக் கையை ஊன்றி அவர் குரைத்துக்கொண்டிருந்தபோது இன்பமேரி துணி எடுக்க வெளியே வந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"பிஸ்கட்டு வேணுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மேஜர் தலையைச் சாய்த்து, அவர் குரைப்பதை மிகுந்த மரியாதையோடு கேட்டது. கேட்டதற்காக ஒரு பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு யானைச் சத்தம் வந்தால் திரும்பி அவர் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தது. யானை வந்தால் குரைக்கிற வேலை சூசையப்பனுடையது என்று அதற்குத் தெளிவாகிவிட்டது.

டீக்கடையில் இந்தக் கதையைக் கேள்விப்பட்டு ஏசுரத்தினம் வந்தார். எதிர்ச்சரிவில் ஏலக்காடு வைத்திருப்பவர், கோயில் திருவிழாக்களுக்கு மைக் செட்டும் கட்டுவார். ஒரு பாடம் நடப்பதை உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தார்.

"அண்ணே, செல்லுக்குள்ள இருக்க யானை கொசு கணக்கால்ல கத்துது. அத எந்த நாய் மதிக்கும்?"

மறுநாளே சின்னப் பிள்ளை உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கரை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கி, வயரையும் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் போட்ட பிளிறலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேஜர் கட்டிலுக்கு அடியில் போனது. வெளியே இழுக்கப் பிஸ்கட் தேவைப்பட்டது. ஆக, மறுபடியும் யானைக்குப் பிஸ்கட்.

ஸ்பீக்கர் கண்ணில் படுவதால்தான் நாய் ஏமாற மறுக்கிறது என்று சூசையப்பன் அதை வாழைத் தோப்புக்குள் ஒளித்து வைத்தார். மேஜர் ஓடிப்போய்த் தோப்புக்குள் தேடிக் கண்டுபிடித்து, ஸ்பீக்கருக்கு முன்னால் அடக்கமாக உட்கார்ந்துகொண்டது. அதைக் கூட்டிவர அவர் போக வேண்டியிருந்தது, டப்பாவோடு.

மனசு விட்டுப்போகிற நேரத்தில் ஏசுரத்தினத்தின் போன் வரும். விட்டுவிடக் கூடாது, பழகப் பழகத்தான் வரும் என்பார். இரண்டு தடவை பிஸ்கட் பெட்டி கொடுத்தனுப்பினார். ஒரு தடவை கோழிக்கறி வந்தது.

"எங்க பக்கத்து ஆளுகளுக்கெல்லாம் ஒங்களப் பத்தித்தாண்ணே பேச்சு. இந்தக் காலத்துல ஊருக்கு இப்படி ஒரு மனுசனான்னு கேக்குறாங்க."

ஒரு நாயைப் பழக்குவதில் ஊருக்கு என்ன நன்மை என்று சூசையப்பன் கேட்கவில்லை. பாராட்டு வருகிறபோது குறுக்குக் கேள்வி கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. இன்பமேரியிடம் அதை இரண்டு முறை சொன்னார். நாய் குரைத்ததா என்று அவளும் இரண்டு முறை கேட்டாள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் வாட்ஸ்அப் குரூப்பில் புதுச் செய்தி வந்தது. கொம்பன் பள்ளத்து ஓடையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருக்கிறான், சேற்றில் காலடி கிடக்கிறது.

இன்பமேரி பரணில் இருந்து பையை இறக்கினாள். சூசையப்பன் அசரவில்லை. நாய் எவ்வளவு அவசியம் என்று இப்போதாவது புரிகிறதா என்று அவளிடம் கேட்டார். காலையிலும் ஒரு பாடம் சேர்த்துக்கொண்டார்.

அதற்கடுத்த சாயங்காலம் செபம் முடிய நேரமாகிவிட்டது. அவர் எழுந்திருக்கும் முன்பே தோப்புக்குள் பிளிறல் கேட்டது. ஸ்பீக்கர் தானாக ஓடுகிறது, கரண்டுக் கோளாறு என்று முணுமுணுத்தபடி அணைக்கப் போனார். மேஜர் அவருக்கு முன்னால் ஓடியது.

வாழைக்கு நடுவே கொம்பன் நின்றுகொண்டிருந்தான். ஒரு வாழையைப் பிடுங்கி, தண்டைப் பிளந்து, அவசரமே இல்லாமல் தின்றான். மேஜர் அவனுக்கு முன்னால் அடக்கமாக உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிஸ்கட் வருவதாகத் தெரியவில்லை. திரும்பிச் சூசையப்பனைப் பார்த்தது.

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே சூசையப்பன் குரைத்தார்.

கொம்பன் காதை விரித்தான். பின்னால் வந்த இன்பமேரி அவர் சட்டைக் காலரைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். மேஜர் பின்வாசல் வழியாக வந்து டப்பா பக்கத்தில் உட்கார்ந்தது. யானை வந்த அந்தச் சாயங்காலத்தில் அந்த வீட்டில் குரைத்தவர் ஒருவர்தான். அவருக்கு யாரும் பிஸ்கட் கொடுக்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் மனுஷன் பாடத்தை நிறுத்தினாரா என்றால் இல்லை. திருவிழா ஞாயிறு வந்தது. இருவரும் பூசைக்குப் போக வேண்டும், போகிற நேரத்தில் பயிற்சி வீணாகக் கூடாது. நாயையும் ஸ்பீக்கரையும் சமையலறைக்குப் பக்கத்தில் வைத்து, பிளிறல் திரும்பத் திரும்ப ஓடும்படி போட்டுவிட்டுப் போனார். தனியாக விட்டால் நாய்க்குப் பொறுப்பு வரும் என்று ஒரு நம்பிக்கை.

பூசை முடிந்து வந்தபோது சமையலறைச் சுவர் இல்லை. அரிசி மூட்டையும் இல்லை. ஸ்பீக்கர் செங்கலுக்கு அடியில் கிடந்து இன்னும் பிளிறிக்கொண்டிருந்தது. மேஜர் சிதறிய அரிசிக்கு நடுவில் உட்கார்ந்து வாலாட்டி வரவேற்றது.

இன்பமேரி அழவில்லை, கத்தவில்லை. பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இந்தச் சனியன் வந்த பெறகுதான் யானை இங்க வருது. அதுக்கு முந்தி ஒரு நாள் வந்திருக்கா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க."

சூசையப்பன் நெஞ்சைத் தொட்டு யோசித்தார். வந்ததில்லை. அவரே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். அவள் போடி ஜீப்பில் ஏறும்போது திரும்பிப் பார்க்கவும் இல்லை.

தப்பு எங்கே என்று அவருக்கு இப்போது விளங்கிவிட்டது. நாய் வாசத்துக்குத்தான் யானை வருகிறது. அதோடு இது யானையைப் பார்த்து வாலாட்டுகிற நாய். அடுத்த நாளே ஷிஜுவை வரச் சொல்லி மேஜரை ஏற்றிவிட்டார். அது ஜீப்பில் தாவி ஏறி, போகும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மிச்சமிருந்த பிஸ்கட்டைக் கடைசியாகக் கொடுத்தார். இந்தத் தடவை எதற்கென்று அதற்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

பழக்க நாய் இல்லாதபோது ஸ்பீக்கர் எதற்கு? மண்ணைத் தட்டிச் சாக்கில் சுற்றி மூலையில் வைத்தார்.

யானை வருவது சுத்தமாக நின்றது. தோப்பில் இருந்த மிச்ச வாழை அப்படியே நின்றது. சூசையப்பன் தன் கையாலேயே சுவரை எழுப்பினார். போடிக்குப் போன் போட்டு, நாயும் இல்லை, யானையும் இல்லை, நீ சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் கடைசி வார்த்தையை இன்பமேரி முதன்முதலாகக் கேட்டாள். மறுநாள் மத்தியானமே வந்து இறங்கினாள்.

புதுச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். தோப்பைச் சுற்றிப் பார்த்தாள். டீ போட்டு அவருக்கும் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஜோமோள் வீட்டுல உறக்கமே வரல. விடிய விடிய வண்டிச் சத்தம். நீங்க என்ன தின்னீங்களோன்னு வேற இருந்துச்சு. சாகுற மட்டும் இங்கயே கெடப்போம்."

சூசையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க எழுந்துபோய்ச் சுவருக்குப் பூச்சுப் பூசத் தொடங்கினார். அப்போது போன் அடித்தது. கை இரண்டும் சிமெண்ட். அவளையே எடுக்கச் சொன்னார். அவள் எடுத்து, அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தாள். ஏசுரத்தினம்தான்.

"அண்ணே, ஏன் சத்தம் போடுறத நிறுத்திட்டீங்க? கொம்பன் திரும்பவும் எங்க ஏலக்காட்டுக்கே வந்துட்டான்ணே. நாய் இல்லாட்டி என்ன, சாயங்காலம் நீங்க பாட்டுக்குப் போட்டு விடுங்க, அவன் நேரா ஒங்க வீட்டுக்கு வந்துருவான்."