தீ ஒத்திகையில் ஒரு புன்னகை

ஆதாரக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. லால்பாக் தோட்டத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. பள்ளிக்கூடத்தில் தேடுங்கள், அதுவும் ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் சேர்ந்து படிக்கிற, காலையில் வேனில் வந்து சாயங்காலம் வேனில் வீடு திரும்புகிற, வாசலில் பிளாஸ்டிக் புல் விரித்த தனியார் பள்ளிக்கூடத்தில் தேடுங்கள். கழுத்தில் அட்டை தொங்கும், சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும், கையில் போன் இருக்கும். வகுப்பு நடத்த மாட்டார். நடத்துகிறவர்களை ஜன்னல் வழியாகப் போட்டோ எடுப்பார். நடந்தது எதுவும் அவருக்கு நடந்ததாகாது. படத்தில் விழுந்தால்தான் நடந்தது.

இந்த இனத்தில் முற்றிய பழமாக ஒருவரைக் காட்டுகிறேன். பெயர் சேஷகிரி. அடுகோடிப் பக்கத்தில் ஒரு பள்ளியில் கோஆர்டினேட்டர். பெயருக்குப் பின்னால் மூன்று பட்டம் போட்டுக்கொள்வார். அந்தப் பள்ளியின் பெயர் நமக்கு எதற்கு? அதன் இரும்புக் கேட்டும், மூன்று மாடிக்கும் ஓடுகிற படிக்கட்டுக் கைப்பிடியும் நம் பட்டறையில் அடித்தவை, அதைச் சொன்னால் போதும். ஆறாம் வகுப்போடு பையை வீசிவிட்டு வெல்டிங் ராடைப் பிடித்த கை இது. கம்பி அடித்துப் பதினாறு வருஷமாயிற்று, ஒரு இடத்தில்கூடப் பற்றவைப்பு விடவில்லை. அதை யாரும் படம் பிடித்து ஃபைலில் ஒட்டவும் இல்லை. பிள்ளைகள் சாய்கிறார்கள், கம்பி நிற்கிறது. வேலை என்றால் அது.

சேஷகிரியின் வேலை வேறு தினுசு.

ஜூன் மாதம் மரம் நடும் நாள் வரும். பிரின்சிபால் அறையில் ஒரு தொட்டியில் வேப்பங்கன்று இருக்கிறது. அதை நாகேஷ் என்கிற அட்டெண்டர் தூக்கிக்கொண்டு வந்து மைதானத்துக் குழியில் தொட்டியோடு இறக்குவார். ஐந்து பிள்ளைகள் சுற்றி நின்று பூவாளியைச் சாய்ப்பார்கள். பூவாளியில் தண்ணீர் இருக்காது, சீருடை நனைந்துவிடுமாம். கிளிக். கன்று மறுபடி ஏசி அறைக்குப் போய்விடும். நான்கு வருஷமாக ஒரே கன்று நான்கு முறை நடப்பட்டிருக்கிறது.

"சார், இந்த வருஷமாச்சும் நிஜமா நட்டுடலாம் சார். வேரு தொட்டிய ஒடைக்குது" என்று நாகேஷ் ஒருமுறை கேட்டார்.

"நட்டுட்டா அடுத்த வருஷம் எதைய்யா நடுறது?" என்றார் சேஷகிரி.

கை கழுவும் நாளில் தண்ணீர் லாரி வரவில்லை. விட்டாரா? பிள்ளைகளின் கையில் சோப்பு நுரையை அப்பி, காய்ந்த குழாய்க்குக் கீழே நீட்டச் சொல்லி, இருபத்தேழு படம் எடுத்துவிட்டு, நுரையைப் பழைய செய்தித்தாளில் துடைத்து அனுப்பினார். அன்று மத்தியானம் அந்தப் பிள்ளைகள் சாப்பிட்ட தயிர்சாதம் எப்படி மணத்திருக்கும்? அது படத்தில் தெரியாது. ஆகையால் அது இல்லை.

இப்பேர்ப்பட்டவரின் கையில் ஒரு பெண்ணின் பிழைப்பு இருந்தது.

அவள் பிரிசில்லா, மூன்றாம் வகுப்பு பி பிரிவின் ஆசிரியை. கோலார் தங்கவயலிலிருந்து விடியற்காலை ரயிலில் வருகிறவள். கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் இறங்கி, பஸ் பிடித்து, எட்டேகாலுக்கு வகுப்பில் இருப்பாள். இரண்டு வருஷமாகத் தற்காலிகம். வேலை நிரந்தரம் என்று பள்ளி ஒரு கடிதம் கொடுத்தால் ஆஸ்டின் டவுனில் ஒரு சின்ன வீடு வாடகைக்குத் தருவதாக வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். வீடு கிடைத்தால் தினமும் ரயிலில் கரைகிற நாலு மணி நேரம் மிச்சம். தன் மகள் தூங்கி எழுவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்தக் கடிதத்துக்குச் சிபாரிசு எழுத வேண்டியவர் சேஷகிரி.

"மேடம், உங்க ஃபைல் ஏன் இவ்வளவு ஒல்லியா இருக்கு? மத்தவங்க ஃபைல தூக்கவே முடியல" என்பார்.

"பாடம் நடத்திட்டிருந்தேன் சார்."

"நடத்துனீங்க, யாரு இல்லன்னா? ஆதாரம் எங்க?"

இனித்தான் தீ ஒத்திகைக்கு வருகிறேன். மாதம் ஒருமுறை மணி அலற வேண்டும், பிள்ளைகள் வரிசையாக இறங்கி மைதானத்துக்குப் போக வேண்டும், ஆசிரியர் தலை எண்ண வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பட்டறைப் பையனுக்குக்கூட இதில் குழப்பம் வராது. சேஷகிரிக்கு வந்தது. மைதானத்தில் வெயில் எதிரே அடிக்கிறது, முகமெல்லாம் கறுப்பாக விழுகிறது. ஆனால் முதல் மாடிக்கும் தரைக்கும் நடுவே படிக்கட்டு திரும்புகிற இடம் இருக்கிறதே, அங்கே ஜன்னல் வெளிச்சம் பாலாகக் கொட்டும்; சுவரில் 'பாதுகாப்பே முதல்' என்று பெரிதாக எழுதியிருக்கும். ஆகையால் ஒத்திகை அந்தத் திருப்பத்தோடு முடிந்தது. மணி அடிக்கும். பிள்ளைகள் திருப்பம் வரை இறங்கி, குள்ளமானவர்கள் முன்னே, உயரமானவர்கள் பின்னே என்று நிற்பார்கள். சேஷகிரி நான்கு படி கீழே நின்று போனைத் தூக்குவார். புன்னகை. கிளிக். திரும்பி வகுப்புக்கு ஏறிப் போய்விடுவார்கள். ஒன்றரை வருஷம் இப்படித்தான். பிள்ளைகள் கற்பூரம் மாதிரி பிடித்துக்கொண்டார்கள்.

பிரிசில்லா மட்டும் நிற்க மாட்டாள். அவளுடைய முப்பத்தி நாலு பிள்ளைகளும் திருப்பத்தைத் தாண்டி, சேஷகிரியின் முழங்கையை உரசிக்கொண்டு, மைதானத்து ஓரம் வரை போய் எண்ணிக்கை கொடுத்துவிட்டுத்தான் ஏறுவார்கள்.

"ஃபிரேமக் கெடுக்கிறீங்க மேடம்."

"எங்க ஊர்ல சுரங்கத்துல இறங்குனவங்க வெளிய வந்ததும் தலைய எண்ணுவாங்க சார். எங்கப்பா சொல்வாரு. பாதி வழியில நின்னு யாரும் எண்ண மாட்டாங்க."

சேஷகிரி பேனாவை எடுத்தார். அவளுடைய ஃபைலில் 'ஒத்துழைப்பு குறைவு' என்று எழுதினார்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் மாடிக் கம்ப்யூட்டர் அறையில் யுபிஎஸ் பேட்டரி பொசுங்கியது. முதலில் நாற்றம், பிறகு கறுப்புப் புகை.

"சார், ஹொகே சார்! புகை! நிஜப் புகை!" என்று கத்திக்கொண்டே நாகேஷ் மணியை அழுத்திவிட்டு மெயின் ஸ்விட்சை அணைக்க ஓடினார்.

படிக்கட்டுக்குப் பக்கத்து வகுப்பு பிரிசில்லாவுடையது. அவள் கூட்டம் எப்போதும்போல் இறங்கி, எப்போதும்போல் மைதானத்துக்குப் போய்விட்டது. அடுத்து அந்த மாடியின் மற்ற மூன்று வகுப்புகள் வந்தன; மேல் மாடிப் பெரிய வகுப்புகளுக்கு அன்று விடுமுறை. திருப்பம் வந்தது. நின்றன. குள்ளமானவர்கள் முன்னே, உயரமானவர்கள் பின்னே. தொண்ணூறு பிள்ளைகள் படியை அடைத்துக்கொண்டு பல்லைக் காட்டினார்கள். ஆசிரியைகள் பக்கவாட்டில் நின்று புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்கள். ஒத்திகை என்றுதான் அவர்களும் நினைத்தார்கள். வேறு எதையாவது யார் அவர்களுக்குக் காட்டினார்கள்?

கீழே அலுவலகத்திலிருந்து சேஷகிரி பறந்து வந்தார். வந்து எங்கே நின்றார்? அதே நாலாவது படியில். கையில் போன். பிள்ளைகள் அவரைப் பார்த்ததும் புன்னகையை இன்னும் ஒரு அங்குலம் விரித்தார்கள்.

"எறங்குங்க! நெருப்பு! ஓடுங்க!"

ஒருவரும் அசையவில்லை. படம் எடுக்காமல் எப்படிப் போவது?

"சார், அஷ்வின் கண்ண மூடிட்டான் சார்" என்றாள் முன்வரிசையில் ஒரு பெண்.

பின்னால் புகை மாடியிலிருந்து மெல்ல இறங்கிவந்து உயரமான பிள்ளைகளின் தலைக்கு மேல் நின்றது. ஒருவன் இருமினான், இருமிவிட்டு மறுபடி சிரித்தான். சேஷகிரி இன்னொரு முறை கத்த வாயைத் திறந்தார். கட்டைவிரல் அதற்குள் முந்திக்கொண்டது. அது தன் பழக்கப்படி அழுத்தியது.

கிளிக்.

அவ்வளவுதான். தொண்ணூறு பிள்ளைகளும் ஒரே சமயத்தில் பின்னால் திரும்பி, ஒழுங்காக, தள்ளாமல், புகையை நோக்கிப் படியேற ஆரம்பித்தார்கள்.

தன் கூட்டத்தை வாட்ச்மேனிடம் விட்டுவிட்டுப் பிரிசில்லா கீழேயிருந்து தாவி வந்தாள். சேஷகிரியை ஓரமாகத் தள்ளினாள்.

"ஏய், எல்லாரும் என்னப் பாரு! மாடிக்கு இல்ல, மைதானத்துக்கு! கம்பியப் பிடிச்சுக்க, எம்பின்னாடி வா!"

வந்தார்கள். தொண்ணூறு பிள்ளைகளின் கனமும் ஒரே பக்கம் விழுந்தது. கைப்பிடி அசையவில்லை, சொல்லிவிட்டேன். நாகேஷ் மின்சாரத்தை அணைத்து, மணலை வாரிக் கொட்டி, பேட்டரியை அடக்கினார். ஒருவருக்கும் காயமில்லை.

இத்தோடு ஒரு சாதாரண மனிதன் வெட்கப்பட்டு இரண்டு நாள் லீவு போட்டிருப்பான். ஆதாரக்காரர் போடுவாரா? அன்று சாயங்காலமே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்தது. 'இன்றைய தீ ஒத்திகை. நம் குழந்தைகளின் அமைதியும் ஒழுங்கும்!' இதயமும் கைதட்டலுமாகக் கொட்டின. ஒரே ஒருவர் மட்டும் கேட்டார்: 'பின்னாடி புகை மாதிரி தெரியுதே?' சேஷகிரி உடனே எழுதினார்: 'ஒத்திகை தத்ரூபமாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு.' அதற்கும் கைதட்டல்.

அதற்குப் பிறகு வந்தது புகார். புகையைப் பற்றி என்றா நினைத்தீர்கள்? 'மூன்றாம் வகுப்பு பி ஏன் படத்தில் இல்லை? எங்கள் பிள்ளைகள் என்ன இளப்பமா?' ஒழுங்காக வெளியே போன ஒரே வகுப்பு அதுதான். ஆகையால் ஆதாரத்தில் இல்லாத ஒரே வகுப்பும் அதுதான். முப்பத்தி நாலு வீட்டிலிருந்து பிரின்சிபாலுக்குப் போன் பறந்தது.

மறுநாள் காலை சேஷகிரி பிரிசில்லாவைக் கூப்பிட்டார். மேஜைமேல் அவளுடைய நிரந்தரக் கடிதத்தின் படிவம் இருந்தது. ஒரு கட்டம் மட்டும் காலி.

"பாருங்க மேடம், நேத்து நீங்க ஓடிவந்ததெல்லாம் நான் பாத்தேன். மறுக்கல. ஆனா பாத்தேன்னு எழுத முடியாது. படம் வேணும். பத்து மணிக்கு பெல் அடிக்கச் சொல்றேன். உங்க பசங்க திருப்பத்துல நிக்கட்டும். ஒரு கிளிக், ஒரு கையெழுத்து. பேரன்ட்ஸும் அடங்கிடுவாங்க, நீங்களும் வீடு பாத்துக்கலாம்."

பிரிசில்லா அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தாள். ஆஸ்டின் டவுன் வீட்டின் சாவி அந்த அளவுதான் இருக்கும். படிவத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு வகுப்புக்குப் போனாள்.

பத்து மணிக்கு மணி அலறியது. சேஷகிரி நாலாவது படியில் தயாராக நின்றார். போனின் கண்ணைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டார். முப்பத்தி நாலு பிள்ளைகளும் படியிறங்கி வந்தார்கள். திருப்பத்துக்கு வந்தார்கள். நிற்கவில்லை.

"நில்லுங்க! ஸ்மைல்! ஏய் இளவேனில், நில்லும்மா! கேசவ்!"

அவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு, ஆற்றுத் தண்ணீர் கல்லைச் சுற்றுவதுபோல், கீழே போய்க்கொண்டே இருந்தார்கள். கடைசியாகப் பிரிசில்லா வந்தாள், வாய்க்குள் எண்ணிக்கொண்டு.

"நிக்கச் சொல்லுங்க மேடம்! உங்க கடிதம் மேடம்! ஒரு நிமிஷம்தான்!"

"முப்பத்தி மூணு... முப்பத்தி நாலு." எண்ணி முடித்துவிட்டுத்தான் அவள் அவரைப் பார்த்தாள். "சொல்ல மாட்டேன் சார். இன்னிக்கு நின்னாங்கன்னா, என்னிக்கும் நிப்பாங்க."

சேஷகிரியின் போனில் விழுந்தது சில முதுகும், ஒரு ரிப்பனும், கலங்கிய சுவரும்தான். படிவத்தின் கட்டம் காலியாகவே இருந்தது. 'ஆதாரம் தெளிவாக இல்லை. அடுத்த ஆண்டு பரிசீலிக்கலாம்' என்று அழகான கையெழுத்தில் எழுதினார். பிரிசில்லா இன்றும் தங்கவயல் ரயிலில்தான் வருகிறாள். ஆஸ்டின் டவுன் வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள். சேஷகிரியை நிர்வாகம் பாராட்டியது. அதற்கும் படம் இருக்கிறது.

என்ன ஆள் ஐயா இந்தச் சேஷகிரி என்று உச்சுக் கொட்டுகிறீர்கள். கொட்டுங்கள். ஆனால் உங்கள் பிள்ளையும் ஏதோ ஒரு பள்ளியில் படிக்கிறது, சாயங்காலம் உங்கள் போனிலும் இப்படி ஒரு படம் வந்து விழுகிறது. இரண்டு விரலால் அதை விரிக்கிறீர்கள்; உங்கள் பிள்ளையின் முகம் கிடைக்கிற வரைக்கும் விரிக்கிறீர்கள்; கிடைத்ததும் ஒரு இதயத்தைத் தட்டிவிட்டுப் போனைக் கவிழ்க்கிறீர்கள். போன வாரம் வந்த படத்தை மறுபடி ஒருமுறை எடுங்கள். முகம் அழகாகத்தான் இருக்கிறது, விடுங்கள். அதன் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.